அங்குசமும் ஐந்து அதிசாரங்களும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. இதனை நாம் அறிவோம். நம் குழந்தைகளும் அறிவர். ஊன் உண்ணாமையும், இரவில் உண்ணாமையும், நீரை வடிகட்டிப் பருகுதலும் வழக்கமாக உள்ள குடும்பத்தில் பிறந்த ஒருவர், 'இவ்விரதத்தில் எமக்குக் குறையொன்றும் இல்லை' என எண்ணிக்கொள்வது இயல்பே. ஆயினும் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், விரதம் முற்றும் முறியாமலே பழுதுபடும் வழிகளை, அதாவது அதிசாரங்களை, விரதந்தோறும் ஐந்தைந்தாக வகுத்துரைத்துள்ளார். கொல்லாமைக்கு உரிய ஐந்தினையும் உற்று நோக்கின் ஒரு வியப்புத் தோன்றும். அவற்றுள் கொலை இடம்பெறவே இல்லை. ஐந்தும் நம் தொழுவத்திலும் நம் கைப்பிடியிலும் உள்ள உயிர்களை நாம் நடத்தும் முறையைப் பற்றியவை.

அவையாவன: பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவிறந்த சுமை ஏற்றல், உணவையும் நீரையும் தடுத்தல் எனத் தமிழிற் கூறலாம். வதம் என்றவுடன் கொலை என்றே நாம் பொருள் கொள்வோம். சர்வார்த்த சித்தி என்னும் உரைகண்ட பூஜ்யபாதரோ, கொலையை விரதம் ஏற்கும்போதே விட்டாயிற்று, ஆதலின் இங்கு வதம் என்பது கோலாலும் சாட்டையாலும் பிரம்பாலும் அடித்தலையே குறிக்கும் எனத் தெளிவுறுத்துகிறார். சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும் ஏறத்தாழ இவ்வைந்தினையே கூறும். அதனை அடியொற்றி எழுந்த தமிழ் நூலே நாம் போற்றும் அருங்கலச்செப்பு.

பிரெஞ்சு ஆளுநர் லா என்பாரின் பெயரைத் தாங்கிய எமது லாஸ்பேட்டையில், ஞாயிறுதோறும் ஓர் இல்லத்தில் கூடும் சுவாத்தியாய வகுப்பில் இப்பகுதியைப் படித்துக்கொண்டிருந்தோம். ஏழாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி எழுந்து, "மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி சின்ன வயதில் என் தலையில் துதிக்கையை வைத்தது. அப்படி வைக்கவேண்டும் என்று அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அடித்துத்தான் கற்றுக்கொடுத்தார்களா?" என்று கேட்டாள். புதுவை மக்கள் எவரும் லட்சுமியை மறந்திலர். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் காலை, வழக்கமான நடைப்பயிற்சியின்போது தெருவிலேயே சாய்ந்து உயிர்நீத்த அவ்யானையைக் காண நகரமே திரண்டது. எம்மதத்தினர் என்ற வேறுபாடின்றி அன்று அழுதவர் பலர். நம் வீட்டாரும் அவருள் உண்டு. அச்சிறுமியின் கேள்விக்கு விடை கூற எம்மால் இயலவில்லை. லட்சுமிக்குக் கற்பித்தவர் எவ்வாறு கற்பித்தார் என்பதை யாம் அறியோம். அறியாத ஒன்றை ஊகித்து ஒருவர்மேல் ஏற்றுவது இரண்டாம் அணுவிரதத்திற்கு இழுக்காகும். ஆனால் விலங்குகளை அடியாமற் கற்பிக்க ஒரு முறை உண்டா, உண்டெனில் அது நம் ஐந்து அதிசாரங்களினின்றும் தப்புமா என்பது ஆராயத்தக்கதே. அவ்வாராய்ச்சியே இக்கட்டுரை.

முதலில் நம் வீட்டு முற்றத்தைப் பார்ப்போம். தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் நம் பாட்டனார் காலத்தில் மாடில்லாத வீடு இல்லை. கன்று ஈராண்டு கடந்ததும் மூக்குக் குத்தி மூக்கணாங்கயிறு கோப்பர், காயடிப்பர், சூடு போடுவர். ஏரில் பழக்கும்போது தார்க்குச்சியின் முனையில் ஆணி இருக்கும். போரடிக்கும் மாட்டின் வாயில் வாய்க்கூடு கட்டுவர். நெல்மூட்டை ஏற்றிய வண்டி மேட்டில் திணறினால் வாலை முறுக்குவர். பந்தம், வதம், சேதம், அதிபாரம், அன்ன நிரோதம் என்னும் ஐந்தும் ஒரே தொழுவத்தில், மாலையில் சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் வீட்டில், நிகழ்ந்தன. முன்னோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் அம்மாடுகளைப் பெயரிட்டு அழைத்து, பொங்கலன்று கொம்பில் வண்ணம் தீட்டி, மூத்தபின் அடிமாட்டுக்கு விற்காமல் சாகும்வரை வைத்துக் காத்தவர்கள். கற்பிக்க வேறு வழியை அவர்கள் கண்டிலர், அவ்வளவே. வாய்க்கூடு பற்றி வடநாட்டுச் சமணரிடையே ஒரு கதை வழங்குகிறது. ஆதிபகவான் முற்பிறவியொன்றில், கதிரை மேய்ந்த காளைகளுக்கு வாய்ப்பூட்டு இடுமாறு உழவர்க்கு யோசனை கூறினார். அதன் பயனாகவே துறவு பூண்டபின் நெடுநாள் ஆகாரம் கிட்டாமல் அலைந்து, அட்சய திருதியை அன்று அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்புச் சாற்றால் பாரணை செய்தார் என்பர். தீர்த்தங்கரராகப் பிறக்கவிருந்த உயிரையே வாய்க்கூடு பற்றிய ஒரு சொல் தொடர்ந்ததென்றால், அதன் கனம் எத்தகையது என எண்ணுக.

யானையின் கல்வி இதனினும் கடியது. காட்டில் பிடிபட்ட யானையைக் கரோல் எனப்படும் மரக்கூண்டில் அடைத்து, பசியாலும் தனிமையாலும் தளரச்செய்து, பின்னர்க் கரும்பும் வெல்லமும் காட்டிப் பாகன் நெருங்குவது பழைய முறை. அச்சமும் அன்பும் அங்கே கலந்தே இருக்கும். நீலகிரித் தெப்பக்காட்டு முகாமில் மூர்த்தி என்றொரு மக்னா வாழ்ந்தது. பலரைக் கொன்ற அவ்யானையைச் சுட்டுக்கொல்வதே வழி எனப் பலர் கருதியிருக்க, 1998ஆம் ஆண்டு உயிருடன் பிடிப்பதில் முன்னின்றவர் யானை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி. அவர் பெயரே அதற்கு வழங்கிற்று. பின்னாளில் அருகே சென்று பழம் கொடுக்கும் அளவுக்கு அது சாந்தமாயிற்று. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் முதுமையால் இறந்தது. மலைவாழ் பாகரின் பொறுமையின்றி இது நிகழ்ந்திராது. ஆகவே பாகர் அனைவரையும் கொடியர் என்பாரோடு நாம் உடன்படவில்லை. பாகனின் கையில் உள்ள கோலை விட, அக்கோலைத் தவிர வேறெதனையும் அவன் கையில் கொடாத நம் வழக்கமே குற்றமுடையது.

அடியின்றிக் கற்பிக்கும் முறை எங்கே, எவ்வாறு தோன்றிற்று? அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கூட்டில் இட்டு, நற்பயன் தரும் செயலை உயிர் மீண்டும் மீண்டும் செய்யும், பயன் தராததைக் கைவிடும் என்று கண்டார். அதனை விரித்துச் செப்பமான முறையாக்கியவர் ஸ்கின்னர் (1904–1990). அவரிடம் பயின்ற பிரீலண்ட் தம்பதியர் 1940களில் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி, கோழி, பன்றி, நாய் எனப் பல உயிர்களையும் இம்முறையால் பழக்குவதையே தொழிலாகக் கொண்டனர். பின்னர் கடல்வாழ் டால்பின்களைப் பழக்குவோர் இதனைக் கைக்கொண்டனர். இதற்குக் காரணம் வெளிப்படை. டால்பினுக்கு மூக்கணாங்கயிறு இட இயலாது. சினந்து அடித்தால் அது நீருக்குள் மூழ்கித் தொலைவில் போய்விடும். இரைப்பதற்கும் இழுப்பதற்கும் வழியற்ற இடத்தில்தான் மனிதன் கற்பிக்கக் கற்றுக்கொண்டான் போலும்! ஹவாய்த் தீவில் 1963 முதல் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் வெளியிட்ட நூல், இம்முறையை வீட்டு நாய்வரை கொண்டுவந்து சேர்த்தது. அவர் 2025ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார்.

முறையின் உயிர்நாடி எளியது. விலங்கு நாம் விரும்பும் செயலைச் செய்த அக்கணமே ஓர் ஒலி எழுப்பவேண்டும். அது ஊதலாகவோ, திருவிழாக் கடையில் விற்கும் தகரத் தவளைபோல் 'டிக்' என்று ஒலிக்கும் கிளிக்கராகவோ இருக்கலாம். ஒலியை அடுத்துத் தின்பண்டம். 'நீ செய்தது சரி, பரிசு வருகிறது' என அவ்வொலி விலங்குக்கு அறிவிக்கும். பெரிய செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, முதற்படிக்கு நெருங்கினாலே ஒலித்து, படிப்படியாக உயர்த்துவர். தவறினால் தண்டனை இல்லை. ஒலி இல்லை, அவ்வளவே.

இதனைப் பரப்பியவை பெரும்பாலும் கருத்தரங்குகளும் மாநாடுகளுமே. டால்பின் முதலான கடல் உயிர்களைப் பழக்குவோரின் உலகச் சங்கம் 1964இல் தொடங்கி, ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. நாய் பழக்குவோர்க்கு அமெரிக்காவில் 1993இல் ஒரு சங்கம் அமைந்தது. கேரன் பிரையரின் முயற்சியால் 2003 முதல் கிளிக்கர் எக்ஸ்போ என்னும் மாநாடுகள் நடைபெறலாயின. இம்மாநாடுகளைப் பற்றி நாம் படித்தவற்றுள் நம் மனத்தைக் கவர்ந்தன இரண்டு. ஒன்று, கோழி வகுப்பு. பிரீலண்ட் அம்மையாரும் அவர்தம் இரண்டாம் கணவர் பாப் பெய்லியும் அர்க்கன்சாஸ் மாநிலத்தில், நாய் பழக்க வருவோர்க்கு முதலில் கோழியைக் கொடுத்துப் பயிற்றுவித்தனர். நாய் தன் ஆசானின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். அடித்தாலும் வாலைக் குழைக்கும். கோழி பொறுக்காது. ஒலி அரைநொடி பிந்தினால் தவறானதைக் கற்றுக்கொள்ளும்; முரட்டுத்தனம் கண்டால் மேசையிலிருந்து பறந்துவிடும். ஆகவே கோழியின் முன் ஆசிரியன் தன் கையையும் மனத்தையும் அடக்கியே ஆகவேண்டும். கோழியை உணவென்றே எண்ணும் நாட்டில், கோழி குருவாக அமர்ந்தது விந்தையன்றோ?

மற்றொன்று, பயிற்சி ஆட்டம். மாநாட்டுக்கு வந்தோருள் ஒருவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவர் செய்யவேண்டிய செயலை மற்றவர் முடிவு செய்வர். அவர் உள்ளே வந்து நடமாடும்போது, அச்செயலுக்கு நெருங்கும் ஒவ்வொரு அசைவுக்கும் ஒலி எழும். பேச்சில்லை, சைகையில்லை. இவ்வாட்டத்தை லாஸ்பேட்டை வகுப்பில் நாம் நடத்திப் பார்த்தோம். கேள்வி கேட்ட அச்சிறுமியின் தம்பியையே வெளியே அனுப்பினோம். மூலையில் உள்ள குத்துவிளக்கின் அருகே சென்று தரையில் அமரவேண்டும் என்பது செயல். கைதட்டலே ஒலி, பரிசு கற்கண்டு. நான்கு நிமிடங்களில் அமர்ந்துவிட்டான். அடுத்து வேறொரு சிறுவனை அனுப்பி, சரிக்குக் கைதட்டாமல், தவறுக்கு மட்டும் 'ஊகூம்' என்று எல்லாரும் கூறினோம். அவன் நான்காம் முறை 'ஊகூம்' கேட்டபின் அறையின் நடுவிலேயே நின்றுவிட்டான். கால் எழவில்லை. கண் கலங்கியது. எவரும் அவனைத் தொடக்கூட இல்லை. 'இவன் நிற்பதுபோல நிற்கும் மாட்டைத்தான் நாங்கள் சோம்பேறி மாடு என்று அடித்தோம்' என்று வகுப்பிலிருந்த முதியவர் ஒருவர் சொன்னார். நூறு பக்கம் படித்து விளங்காதது அன்று விளங்கிற்று. இவ்வாட்டத்தை நடத்த விரும்பும் குடும்பத்தார் இரண்டாம் பகுதியைப் பெரியவர்களைக் கொண்டே நடத்துக. சிறுவரைக் கொண்டு நடத்தியது நம் பிழை.

யானைக்கு இது பொருந்துமா என்பதே அடுத்த ஐயம். நேபாளத்தின் சித்வன் பகுதியில் பணியாற்றும் யானைகளிடம் செய்யப்பெற்ற ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. யானைகளுக்கும் காசநோய் உண்டு. அதனைச் சோதிக்கத் துதிக்கைக்குள் உப்புநீர் ஊற்றி, யானை துதிக்கையை உயர்த்தி நீரை உள்ளே நிறுத்தி, பின் பாத்திரத்தில் ஊதி வெளியேற்ற வேண்டும். பிறர் ஒருவர் தன் மூச்சுக்குழலில் நீர் ஊற்றுவதை எவ்வுயிர்தான் விரும்பும்? அதனை அடியும் அங்குசமும் இன்றி, ஒலியும் தின்பண்டமும் கொண்டு ஐந்து யானைகளுக்குக் கற்பித்தனர். நான்கு இளம் யானைகள் 35 அமர்வுகளுக்குள் கற்றுக்கொண்டன. ஓர் அமர்வு சராசரியாக 12 நிமிடம். ஆக மொத்தம் ஏழு மணி நேரத்திற்கு மிகாமல், தண்டனையின்றி, யானை தானே துதிக்கையை நீட்டக் கற்றது. ஐந்தாவதான முதிய யானை மட்டும் அக்காலத்திற்குள் கற்கவில்லை. அதன் காரணம் பலவாக இருக்கலாம். ஆயுள் முழுதும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே வாழ்ந்த உயிருக்கு, 'நீயே முயன்று பார்' என்பது புரிவது அரிது என்றே நமக்குத் தோன்றுகிறது. அறைநடுவில் நின்ற சிறுவனை நாம் பார்த்திருக்கிறோம்.

இந்தியாவிலும் இக்கல்வி மெல்ல நுழைந்து வருகிறது. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ மக்ளீன் என்பாரின் அமைப்பு அஸ்ஸாமிலும் கேரளத்திலும் பாகர்க்கும் வனத்துறையினர்க்கும் பயிலரங்குகள் நடத்தியுள்ளது. அவர்தம் முறையில் தின்பண்டத்தோடு, காலால் மெல்ல அழுத்தி, யானை அசைந்தவுடன் அழுத்தத்தை விட்டுவிடும் பழக்கமும் உண்டு. அழுத்தமே கூடாது என்போர் இதனை ஏற்பதில்லை. மாநாடுகளில் இவ்விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஆசிய அளவில் விலங்கு நலம் பேசும் மாநாடு 2007ஆம் ஆண்டு நம் சென்னையிலேயே கூடிற்று. தமிழக அரசு 2003 முதல் கோயில் யானைகளுக்கு நடத்திவந்த புத்துணர்வு முகாம் மற்றொரு முயற்சி. அவ்வகை முகாமிலேயே 2021 பிப்ரவரியில், தேக்கம்பட்டியில், கட்டப்பட்ட யானையைப் பாகர் அடிக்கும் காட்சி வெளிவந்து நாட்டையே பதைக்கச் செய்தது. ஓய்வுக்காக அழைத்துச் சென்ற இடத்திலும் கோல் ஓயவில்லை! 2022 நவம்பரில் தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் பாகரும் காவடிகளுமாகப் பதின்மூவரை அரசு தாய்லாந்துக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தது. வழிவழி வந்த அறிவு நம் மலைவாழ் மக்களிடமே இருக்க வெளிநாடு செல்வானேன் என்று வினவியோரும் உளர். அவ்வினாவில் நியாயம் இருக்கிறது. எனினும் ஒரு பாகன் அரசுச் செலவில் கற்கச் சென்றான் என்பதே, அவன் தொழில் கல்விக்குரியது என ஏற்றுக்கொண்டதாகும். அதனை நாம் வரவேற்கிறோம்.

இனி நம் அளவுகோலை எடுப்போம். புதிய முறை வதத்தையும் சேதத்தையும் நீக்குகிறது, ஐயமில்லை. அதிபாரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பரிசு காட்டியும் மாட்டின்மேல் மிகுசுமை ஏற்றலாம். ஐந்தாம் அதிசாரமாகிய அன்னபான நிரோதத்தில்தான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஏனெனில் இம்முறையின் பிறப்பிலேயே அம்மாசு உண்டு. ஸ்கின்னர் வழிவந்த ஆய்வுக்கூடங்களில், தானியத்துக்காகப் புறா முயலவேண்டும் என்பதற்காக, அதன் இயல்பான எடையில் 80 விழுக்காடாகக் குறையும்வரை உணவைக் குறைத்து வைப்பர். கோல் இல்லை, கோலின் வேலையைப் பசி செய்தது. அன்றியும் அவர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புறாக்களைப் பழக்கியது, குண்டைக் குறிநோக்கிச் செலுத்தும் பொருட்டு! அத்திட்டம் போரில் பயன்படாமற் போயிற்று. அடியாமற் கற்பித்தும் பெரும் இம்சைக்குக் கருவியாக்க இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இக்காலத்து நல்லாசிரியர்கள் விலங்கின் அன்றாட உணவில் கைவைக்கக்கூடாது, விருப்பமான தின்பண்டமே பரிசாகவேண்டும், விலங்கு விரும்பாதபோது விலகிச்செல்ல வழி இருக்கவேண்டும் என்கின்றனர். பயிற்சி தரும் ஒருவரிடம் நாய்க்குட்டியை ஒப்படைக்கும் நம் அன்பர்கள், 'அடிப்பீர்களா' என்று கேட்பதோடு நில்லாமல், 'காலைச் சோறு போட்டபின் கற்பிப்பீர்களா' என்றும் கேட்டறிக.

பிரீலண்ட் தம்பதியர் 1961இல் எழுதிய கட்டுரை ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. மரக்காசைக் கவ்விச்சென்று உண்டியலில் இடப் பழகிய பன்றி, நாளடைவில் காசைக் கீழே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கிற்றாம். பரிசு தாமதமாகும் என்றாலும் விடவில்லை. கிளறுதல் பன்றியின் சுபாவம். எக்கல்வியும் சுபாவத்தை முற்றும் மாற்றாது என்று, தம் தொழிலுக்கே குறைவு வரும் என அறிந்தும், அவர்கள் ஒப்புக்கொண்டனர். நம் அறிஞர் இதனை வேறு சொல்லால் அறிவர்.

எஞ்சி நிற்பது பந்தம். ஐந்தினுள் முதலாவதாக ஆசாரியர் வைத்தது அதுவே. இதில் புதிய முறை நமக்கு உதவாது. சங்கிலியில் கட்டிய யானைக்கும் பழம் கொடுத்துக் கற்பிக்க முடியும். அடியாத பாகனிடம் உள்ள யானையும் காட்டை இழந்த யானையே. நம் காவியங்கள் இதனை முன்பே எண்ணியுள்ளன. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், மதங்கொண்டு உஞ்சை நகரை அழித்த நளகிரியை உதயணன் யாழிசையால் அடக்குகிறான், கோல் எடுத்திலன். எவ்வளவு மென்மையான கல்வி! ஆயினும் அது பிரச்சோதன மன்னனின் கட்டுத்தறிக்கே திரும்பியது. உதயணனும் அப்போது சிறைப்பட்டவனே. சீவக சிந்தாமணியோ இன்னும் ஆழச் செல்கிறது. சீவகன் முற்பிறவியில் அன்னக்குஞ்சு ஒன்றைத் தாயினின்று பிரித்துக் கூட்டில் வளர்த்தான். அடிக்கவில்லை, பாலூட்டி, கொஞ்சி வளர்த்தான். அவ்வினையே அவனைப் பிறந்த நாளிலேயே தாயினின்று பிரித்தது. அன்போடு கட்டினும் கட்டு கட்டே எனத் திருத்தக்கதேவர் கண்டார்.

அவ்வாறாயின் விலங்குக்குக் கற்பிப்பதே பிழையா? அன்று. மனம் உடைய ஐம்பொறி விலங்கு அணுவிரதம் ஏற்கத்தக்கது, ஐந்தாம் குணஸ்தானம்வரை உயரத்தக்கது என்பது நம் ஆகமத் துணிபு. மேல்சித்தாமூரில் நாம் வணங்கும் பார்சுவநாதரே முன்னொரு பிறவியில் வஜ்ரகோஷம் என்னும் காட்டு யானையாக இருந்தவர். வணிகக் கூட்டத்தை அழித்து ஓடிவந்த அவ்யானை, தியானத்தில் நின்ற அரவிந்த முனிவரைக் கண்டு, முற்பிறவி நினைவு வந்து நின்றது. முனிவர் அறம் உரைத்தார். யானை விரதம் ஏற்றது. உலர்ந்த தழைகளைத் தின்று, பிற யானைகள் கலக்கிய நீரையே பருகி வாழ்ந்தது என்பது புராணம். ஆசிரியன் கையில் கோலும் இல்லை, கரும்பும் இல்லை. பாடம் முடிந்தபின் யானை காட்டிலேயே இருந்தது.

இதனை எழுதும்போது நம் மனம் செல்லும் இடம் ஒன்றுண்டு. கோலாப்பூர் மாவட்டத்து நாந்தணி, நம்மைப் போன்றே திகம்பர மரபினர் போற்றும் பழைய மடத்தை உடையது. அங்கு 1992 முதல் இருந்த மாதுரி என்னும் மகாதேவி யானையை, 2025 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றத் தீர்ப்பின்படியும், அதில் தலையிட உச்சநீதிமன்றம் மறுத்ததன்படியும், குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள வந்தாராவுக்குக் கொண்டுசென்றனர். யானையின் நல்வாழ்வுக்கும் மடத்தின் சமய வழக்கத்திற்கும் முரண் நேரின் நல்வாழ்வே முற்படும் என்பது தீர்ப்பின் சாரம். வழியனுப்பிய மக்கள் கதறினர், ஊர்வலங்கள் நடந்தன. ஆகஸ்டில், நாந்தணிப் பகுதியிலேயே பராமரிப்பு மையம் அமைப்பது பற்றிய பேச்சு எழுந்தது. நம் குடும்பங்களிலும் இதுபற்றி இருவேறு கருத்துண்டு. சமயத்தில் நீதிமன்றம் தலையிடுவதா என்பார் ஒருசாரார். அவர்தம் வருத்தத்தை நாம் மதிக்கிறோம். முப்பது ஆண்டு உறவு சிறிதன்று. ஆயினும் யானையின் காலும் மூட்டும் பற்றிய கேள்வியை நீதிமன்றம் எழுப்புமுன் நாம் எழுப்பியிருக்க வேண்டும் என்பதே எம் கருத்து. பந்தம் என்ற சொல் சட்டநூலில் இடம்பெறுமுன்னரே நம் சூத்திரத்தில் இருந்ததன்றோ?

பஞ்சகல்யாண விழாவில் ஜன்மாபிஷேக ஊர்வலத்திற்கு வாடகை யானை வேண்டும் என்போர், சௌதர்மேந்திரன் குழந்தை ஜினரை ஐராவதத்தின் மேல் மேருவுக்குக் கொண்டுசென்றதைக் காட்டுவர். ஆனால் தேவலோகத்தில் விலங்கு கிடையாது. ஐராவதம் என்பது ஆபியோக்ய தேவன் ஒருவன் தன் விக்கிரியை ஆற்றலால் எடுத்த யானை வடிவம். ஆதலின் உயிருள்ள யானையை ஐராவதம் எனக் கொணர்வது ஆகமத்தோடும் பொருந்தவில்லை. செய்த வடிவமே அதற்கு அணுக்கமானது. 2023 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளிக் கோயிலில் இயந்திர யானை நிறுத்தப்பெற்றது. நமக்கு இயந்திரமும் தேவையில்லை. நம் ஜினாலயங்கள் பலவற்றில் மரத்தாலான யானை வாகனம் இருக்கிறது. ஆண்டில் ஒருநாள் வெளிவந்து, எஞ்சிய நாளெல்லாம் மண்டப மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. அதன் தந்தம் உடைந்திருக்கும், வண்ணம் உதிர்ந்திருக்கும். தச்சரையும் வண்ணம் தீட்டுவோரையும் அழைத்துச் செப்பனிட, ஒரு யானையை ஒருநாள் வாடகைக்கு அமர்த்தி லாரியில் ஏற்றிவரும் செலவே போதியதாகலாம். தத்தம் ஊர் ஆலயத்து வாகனத்தின் நிலையை அன்பர்கள் பார்த்து எழுதியனுப்பினால், விவரங்களைத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுவோம்.